இஸ்திரி வேலையைக் குறைப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஐந்து பேர் கொண்ட வீடு எங்களுடையது. நான், கணவர், காலேஜ் போகும் மகள், பத்தாவது படிக்கும் மகன், அத்தை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். சில வருஷம் முன்பு வரை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் எனக்கு இரண்டரை மணி நேரம் இஸ்திரிப் பெட்டியோடு போய்விடும். வலது தோள்பட்டை தூக்க முடியாமல் போன பிறகுதான் யோசித்தேன். இப்போது வாரத்துக்கு 40 நிமிடத்தில் முடிகிறது. துணி ஒன்றும் அலங்கோலமாக இல்லை. எப்படி என்று அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் கேட்டதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எதைத் தேய்க்க வேண்டும், எதை விடலாம்?

ஒரு ஞாயிறு நான் தேய்த்ததை எண்ணிப் பார்த்தேன். 43 உருப்படி. அதில் லுங்கி, நைட்டி, துண்டு, தலையணை உறை, வீட்டில் போடும் டி-ஷர்ட் மட்டும் 20-க்கு மேல். அவற்றைத் தேய்த்ததை யாருமே கவனித்ததில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.

இப்போது தேய்ப்பது: கணவரின் ஆபீஸ் சட்டைகள், என் காட்டன் புடவை இரண்டு, மகனின் யூனிபார்மில் காலர் பகுதி, விசேஷத்துக்குப் போடுவது. பேன்ட் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஜீன்ஸ், லெக்கின்ஸ், பனியன் துணி, சிந்தடிக் புடவை, உள்பாவாடை எதற்கும் பெட்டி வேண்டாம். சுடிதார் டாப்ஸ் துணியைப் பொறுத்தது. ரேயான் என்றால் கொடியில் சரியாகப் போட்டாலே போதும்.

துணியில் சுருக்கம் ஏன் விழுகிறது?

பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதன் நீளமான மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தப் பிடி தளரும். காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். முறுக்கிக் கிடந்து காய்ந்தால் முறுக்கிய மாதிரியே நிற்கும். இஸ்திரியும் அதைத்தான் செய்கிறது: கொஞ்சம் ஈரத்தால் பிடியைத் தளர்த்தி, அழுத்தி நேராக்கி, சூட்டில் காய வைக்கிறது.

அப்படியானால் காயும்போதே துணி நேராக இருந்துவிட்டால் பாதி இஸ்திரி கொடியிலேயே முடிந்தது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

பாலியஸ்டர் கதை வேறு. அது தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, துவைப்பதால் பெரிதாகக் கசங்காது. ஆனால் சூட்டில் இளகும். வெந்நீரில் துவைத்து, கசங்கிய நிலையில் ஆற விட்டால் அந்தச் சுருக்கம் லேசில் போகாது. பாலியஸ்டருக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

துவைத்துக் காயப்போடும்போது சரியாக என்ன செய்ய வேண்டும்?

கையால் துவைக்கிறவர்கள் முறுக்கிப் பிழிவதை நிறுத்துங்கள். அழுத்திப் பிழிந்தால் போதும். கொஞ்சம் தண்ணீர் சொட்டினால் நல்லதுதான், அந்தப் பாரமே துணியைக் கீழே இழுத்து நேராக்கும்.

மெஷின் என்றால் மூன்று விஷயம். டப்பாவை நிரப்பித் திணிக்காதீர்கள், துணி புரள இடம் வேண்டும். சட்டைகளுக்கு ஸ்பின் வேகத்தைக் குறையுங்கள். 1,000 சுற்றுக்கு மேல் வைத்தால் சட்டை கயிறு மாதிரி வெளியே வரும், 600 போதும். கடைசியாக, மெஷின் சத்தம் போட்டதும் எழுந்து போய் எடுங்கள். அரை மணி நேரம் உள்ளேயே கிடந்தால் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் சுருக்கம் இறுகிவிடும். சீரியல் முடியட்டும் என்று நான் உட்கார்ந்த நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தேய்த்திருக்கிறேன்.

இனி கொடி. என் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு துணியையும் இரண்டு நுனியில் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, படார் படார் என்று மூன்று முறை உதறுவார். தண்ணீர்த் துளி எங்கள் முகத்தில் தெறிக்கும். அதற்குப் பிறகு கொடியில் போட்டு, காலரை விரலால் இழுத்துவிட்டு, பட்டன் பட்டியை மேலிருந்து கீழே ஒருமுறை நீவுவார், சட்டைப் பையின் மூடியையும் நிமிர்த்துவார். ஒரு சட்டைக்கு 20 நொடி ஆகும். காய்ந்த பிறகு அதே இடங்களைப் பெட்டியால் சரி செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

சட்டையைத் தலைகீழாக, கீழ்விளிம்பில் இரண்டு ஓரத் தையலிலும் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். தோளில் கிளிப் தடம் விழாது. ஹேங்கர் இருந்தால் அதிலேயே போட்டு மேல் பட்டனை மாட்டிவிடுங்கள், காய்ந்ததும் அப்படியே பீரோவுக்குள் போகும். பேன்ட்டைக் கால் நுனி இரண்டையும் தையலுக்குத் தையல் சேர்த்துத் தொங்கவிட்டால் இடுப்புப் பகுதியின் பாரமே மடிப்பை நிறுத்தும். புடவையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, கரைக்குக் கரை சேர்த்துப் போடுங்கள்.

வெயிலில் சாயம் வெளுக்கும் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போடுங்கள். நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம்.

கொடியிலிருந்து எடுத்த பிறகு?

உடனே மடியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் எல்லாம் கெடுகிறது. கொடியில் நேராகக் காய்ந்த துணியை ஒரே அள்ளாக அள்ளிக் கட்டிலிலோ நாற்காலியிலோ குவித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதிலிருந்து உருவுகிறோம். வெயில் சூடு இருக்கும்போதே கொடிக்குப் பக்கத்தில் நின்று மடித்தால் கையால் நீவினாலே படியும். மாடிச் சுவரை ஒட்டி ஒரு பழைய மேஜை போட்டிருக்கிறேன், மடிக்க மட்டும்.

போர் தண்ணீரில் துவைத்தால் துணி விறைத்துப்போகிறது. இஸ்திரியும் படிவதில்லை. என்ன செய்வது?

நம் மாவட்டத்து நிலத்தடி நீரின் குணம் எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்; துவைப்பது பல வீடுகளில் இன்றும் போர் தண்ணீரில்தான். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணி நூலில் படியும். அதுதான் அந்த விறைப்பு, வெள்ளையில் தெரியும் மங்கல்.

கட்டி சோப்புக்குப் பதில் சலவைத் தூளோ திரவமோ பயன்படுத்துங்கள், உப்புத் தண்ணீரில் அவை பரவாயில்லாமல் வேலை செய்யும். அலசுவதை ஒரு தடவை கூட்டுங்கள். கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டால் துணி மிருதுவாகும். காய்ந்தால் வாசனை இருக்காது. ஆனால் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட தண்ணீரில் வினிகரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மழை பெய்தால் மொட்டைமாடியில் அண்டா வையுங்கள். மழைத்தண்ணீரில் அலசிய வேட்டிக்கு இணையே கிடையாது.

ஸ்டீம் அயர்னில் எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஓட்டைகளில் உப்பு அடைத்து, ஒருநாள் வெள்ளைச் சட்டையில் பழுப்பாகத் துப்பும். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததைத் தேய்த்தே காய வைக்கலாமா?

ஓசூர், தளி பக்கம் இருக்கும் என் தங்கை இதை அடிக்கடி கேட்பாள். அங்கே மார்கழிப் பனியில் துணி இரண்டு நாளானாலும் சில்லென்றே இருக்கும். அவசரத்துக்கு ஒரு சட்டை சரி. வழக்கமாக்காதீர்கள். தடிமனான தையல்களுக்குள் ஈரம் நின்று வாடை வரும், கரண்டும் அதிகம் இழுக்கும். ஃபேனுக்குக் கீழே ஹேங்கரில் இரவு முழுக்கத் தொங்கவிட்டால் செலவும் குறைவு, சுருக்கமும் குறைவு.

இஸ்திரிக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்?

சாதாரணப் பெட்டி 750 அல்லது 1,000 வாட். 1,000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் நடுநடுவே அணைத்துவிடுவதால் உண்மையில் அதைவிடக் குறையும். வாரம் இரண்டரை மணி நேரம் தேய்த்தபோது இரண்டு மாதக் கணக்கில் எனக்கு அதிகபட்சம் 20 யூனிட்டுக்குள் ஆகியிருக்கும். பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அந்த 100-ஐ ஒட்டி இருக்கும் சின்னக் குடும்பங்களுக்கு 20 யூனிட் பெரிது. 500-ஐ ஒட்டி இருப்பவர்களுக்கும் அப்படித்தான், அதைத் தாண்டினால் யூனிட் விலை ஏறிவிடும்.

ஸ்டீம் அயர்ன் சில 2,000 வாட் வரை இருக்கும். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும் அதைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் வைத்துச் சொருகாதீர்கள். கிரைண்டர், ஹீட்டருக்கு வைத்திருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்தான் அதற்கு.

தினமும் காலையில் ஒன்றொன்றாகவா, வாரம் ஒருமுறை மொத்தமாகவா?

மொத்தமாக. ஒவ்வொரு முறையும் பெட்டி சூடேறும் கரண்டும் நேரமும் மிச்சம். சூடு குறைவாக வேண்டியதில் தொடங்கி, காட்டனில் முடியுங்கள். கடைசி இரண்டு உருப்படிக்கு முன்பே சுவிட்சை அணைத்துவிடலாம், மிச்சச் சூட்டிலேயே கைக்குட்டை படிந்துவிடும்.

துணியில் இருக்கும் புள்ளிக் குறிக்கு என்ன அர்த்தம்?

காலருக்குப் பின்னாலோ ஓரத் தையலிலோ இருக்கும் சின்னச் சீட்டில் இஸ்திரிப் பெட்டி படம் போட்டிருக்கும். அதற்குள் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி: நைலான், அக்ரிலிக். இரண்டு புள்ளி சுமார் 150: பட்டு, கம்பளி, பாலியஸ்டர் கலந்தது. மூன்று புள்ளி சுமார் 200: பருத்தி, லினன். பெட்டியின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தால் தேய்க்கவே கூடாது.

பட்டுப்புடவையை வீட்டில் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். எப்படிக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என் கையால் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். நாத்தனார் வீட்டு வளைகாப்பு. கணவரின் காட்டன் வேட்டியைத் தேய்த்து முடித்த கையோடு, சூட்டைக் குறைத்துத் திருகிவிட்டு, உடனே என் கல்யாணப் புடவையின் முந்தானை மேல் பெட்டியை வைத்தேன். திருகினால் உடனே சூடு இறங்கிவிடும் என்று நினைத்தது என் தப்பு. பெட்டி ஆற சில நிமிடம் வேண்டும். முடி கருகும் வாசனை வந்தது. தூக்கிப் பார்த்தால் அரக்குப் பட்டில் பெட்டி மூக்கு அளவுக்குப் பழுப்புத் தடம், பக்கத்தில் ஜரிகை கறுத்திருந்தது. அந்த வாசனைக்குக் காரணம் உண்டு: முடியைப் போலவே பட்டும் புரதம்.

நம் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு விவசாயிகள் கூடுகளைக் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு புடவைக்குள் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று தெரியும். இரண்டு நிமிடம் பொறுப்பதில் நஷ்டமில்லை.

முறை இதுதான். முதல் துணியாகப் பட்டைத் தேய்த்துவிடுங்கள், பெட்டி சூடேறும் முன். உள்பக்கத்தைத் திருப்புங்கள். மேலே பழைய மெல்லிய வெள்ளை வேட்டித் துணி விரித்து அதன் மேல் தேயுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டில் துளி வட்டம் நிற்கும். ஜரிகைக் கரையில் பெட்டியை நிறுத்தாமல் நகர்த்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றிப் போட்டால் மடிப்பில் பட்டு இற்றுப்போவதும் குறையும், கட்டும் நாளில் தேய்க்கவும் வேண்டியிருக்காது.

காட்டன் புடவை, வேட்டிக்குக் கஞ்சி போடாமல் இருக்க முடியவில்லை. கஞ்சி போட்டால் இஸ்திரியும் கட்டாயமாகிறதே?

உண்மைதான். கஞ்சி போட்ட துணி கசங்கிய நிலையில் காய்ந்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். அதற்கு எங்கள் வீட்டு வழி ஒன்று இருக்கிறது.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளி விளைகிறது, ஜவ்வரிசிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஒரு பெரிய ஸ்பூன் ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி, அரை பக்கெட் தண்ணீரில் கலக்குங்கள். சோறு வடித்த கஞ்சியும் நல்லதுதான். கேழ்வரகுக் கஞ்சி மட்டும் வேண்டாம், வெள்ளையில் நிறம் ஏறும். புடவையை முக்கி எடுத்து, உதறி, கொடியில் போடுங்கள். இன்னும் லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

இப்போது இரண்டு பேர் தேவை. அத்தை திண்ணைப் பக்கம் ஒரு முனை, நான் வாசல் பக்கம் மறு முனை. இரண்டு கையிலும் கரைகளைச் சுருட்டிப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்போம். துணி ‘டப்’ என்று ஒரு சத்தம் போடும். அப்படி நான்கு இழுப்பு. பிறகு மடித்து, மடித்து, இடையில் நீவி, பாய்க்கு அடியில் வைத்துவிடுவோம். காலையில் எடுத்தால் கட்டத் தயார். கைத்தறிக் காட்டனுக்கு இது பெட்டியை விட அழகாக இருக்கும், பெட்டி போட்ட பளபளப்பு இல்லாமல் நெசவு தெரியும்.

கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள். பூச்சி தேடி வரும்.

பாய்க்கு அடியில் வைப்பதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். அழுத்தமும் நேரமும் சூட்டின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடும். என் அப்பா படித்த காலத்தில் பித்தளைச் சொம்பில் கனல் போட்டுச் சட்டையைத் தேய்ப்பாராம். பேன்ட்டைப் பாய்க்கு அடியில் வைத்து அதன் மேலேயே படுத்துக்கொள்வாராம்.

பள்ளி யூனிபார்ம் தினமும் தேய்க்க வேண்டுமா?

வேண்டாம். அரசுப் பள்ளியில் எட்டாவது வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு செட் சீருடை கிடைக்கிறது. முறை வைத்து உடுத்தினால் அவசரமே வராது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி மூலையில் எறியாமல் ஹேங்கரில் போட வைப்பதுதான் பாடு. பெண்பிள்ளைகளின் ஸ்கர்ட் மடிப்புகளை அலசியதும் ஈரத்திலேயே ஒவ்வொன்றாக அடுக்கிக் கிளிப் போட்டால் காய்ந்த பிறகு தொடவே வேண்டாம்.

‘ரிங்கிள் ஃப்ரீ’ (சுருக்கம் விழாத) சட்டை வாங்கலாமா?

வாங்கலாம், அளவோடு. 1950-களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளர் செய்த ஆராய்ச்சி இதற்கு அடித்தளம். செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு இடையே நிரந்தரப் பாலம் போட்டுவிடுவதால் தண்ணீர் பட்டாலும் பிடி தளராது. ஆனால் நூலின் வலிமை கொஞ்சம் குறையும், சட்டை காலர் ஓரத்தில் சீக்கிரம் கிழியும். ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின் பயன்படுத்துவதும் உண்டு என்பதால் புதுச் சட்டையைத் துவைத்த பிறகே போடுங்கள்.

கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனால் மதிக்க மாட்டார்களே?

இந்த பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் சட்டை மடிப்பை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் போகவில்லை. ஆனால் மேலேயே ஆட்கள் மாறத் தொடங்கியிருக்கிறார்கள். 2024 மே மாதம், மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். திங்கட்கிழமைகளில் தேய்க்காத துணி உடுத்துவது பற்றிப் பேசியது செய்தியானது. மின்சாரத்தையும் கரிப்புகையையும் மிச்சம் பிடிக்க ஓர் அடையாளமாக அதைச் சொன்னவர் அதன் தலைமை இயக்குநர் கலைச்செல்வி. திருநெல்வேலி மாவட்டத்துக்காரர், காரைக்குடி ஆய்வகத்தில் இருந்து போனவர். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. என் கணவர் வாரத்தில் ஒருநாள் தேய்க்காமல் போகிறார். உதறிக் காயப்போட்ட சட்டை என்பதால் இதுவரை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் குறைத்தால் இஸ்திரி வண்டிக்காரர்கள் பிழைப்பு?

மனதைக் குடையும் கேள்வி. எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் ஒரு அண்ணன் வண்டி போட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்குத் தேங்காய் ஓட்டையும் கரியையும் பற்ற வைப்பார். பித்தளைப் பெட்டி ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். ஈரத் துணியில் ஒருமுறை ‘சுர்’ரென்று தொட்டு, அந்தச் சத்தத்திலேயே சூட்டைக் கணிப்பார். சாம்பல் தெறிக்காமல் அடியைத் துடைப்பார். பிறகு சட்டைக் கையை ஒரே இழுப்பில் முடிப்பார். அவர் மடித்த சட்டையை நான் ஜென்மத்துக்கும் அப்படி மடிக்க முடியாது.

நான் குறைத்தது என் வீட்டு வேலையை. பட்டு, வேட்டி, கல்யாணத்துக்குப் போடும் சட்டை எல்லாம் இப்போது அவரிடம்தான் போகிறது. முன்பு காசு மிச்சம் என்று நானே தேய்த்து, நானே கருக்கினேன். அவர் உருப்படிக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் பேரம் பேசாதீர்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை அது.

கரிப்புகையில் இருந்து அவர்களை விடுவிப்பதும் முக்கியம். பக்கத்துத் திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர் சூரிய சக்தி இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். தன் தெருவில் கரி கொட்டப்படுவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. சிலிண்டரில் இயங்கும் கேஸ் பெட்டியும் இப்போது பல வண்டிகளில் வந்துவிட்டது. சலவைத் தொழிலாளர்களுக்கு அரசு விலையில்லாத் தேய்ப்புப் பெட்டி தரும் திட்டமும் உண்டு. கலெக்டர் ஆபீஸில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் யார் தேய்ப்பது?

போடுகிறவர் தேய்க்கட்டும். மகனுக்குப் பதின்மூன்று வயதில் பெட்டியைக் கொடுத்தேன், முதல் மாதம் பக்கத்தில் நின்றேன். காலர், தோள், கை, முன்பக்கம், பின்பக்கம் என்ற வரிசையை அத்தைதான் சொல்லிக் கொடுத்தார். கணவர் கற்றுக்கொள்ள இன்னும் கொஞ்சம் நாளானது. தானே தேய்க்க ஆரம்பித்த பிறகு, டி-ஷர்ட்டைத் தேய்த்துத் தரச்சொல்லி இருவரும் கேட்பதில்லை.

தேய்க்கும்போது கரண்ட் போனால்?

பெட்டியை நிமிர்த்தி வைத்து, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். மறந்துவிட்டு வெளியே போனால், கரண்ட் திரும்பி வரும்போது பெட்டி துணியின் மேல் கிடக்கும், வீட்டில் ஆள் இருக்காது. மூன்று பின் உள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள், வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

பெட்டியின் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் அந்தக் கீறலே அடுத்த புடவையின் நூலை இழுக்கும்.